கதவுக்கு இன்னும் ஒரு வருஷம்

அந்த ஹாக்கி கிளப்பில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. தலைவரிலிருந்து மைதானத்துக்குத் தண்ணீர் அடிப்பவர் வரைக்கும் "தராசு வந்தாச்சா?", "தராசு என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார்கள். அவளுக்கு இதில் கோபமே கிடையாது. உள்ளுக்குள் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

வேலை இதுதான். ஒவ்வொரு சீசன் முடிவிலும், எந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற காசு தகும், எது வெறும் தண்டம் என்று சொல்ல வேண்டும். கேலரிப் படிக்கட்டுகளுக்கு அடியில், கூரை சாய்வாக இறங்கும் ஓர் அறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மேலே கூட்டம் குதித்தால் கீழே அவளுடைய காபியில் தூசி விழும். அங்கே இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு, ஆட்டத்தையும் பயிற்சியையும் ஓட்டி ஓட்டிப் பார்ப்பாள். சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் படத்துக்குப் பக்கத்திலும் ஒரு வட்டக் காந்தம் ஒட்டுவாள். பச்சை என்றால் வாங்குகிற காசுக்கு மேலே உழைக்கிறார். மஞ்சள் என்றால் சரிக்குச் சரி. சிவப்பு என்றால் கைகுலுக்கி வழியனுப்பி வைக்க வேண்டியதுதான்.

முகதாட்சண்யம் என்பது அவள் அகராதியிலேயே இல்லை. கேப்டன் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு ஓடினால் கேலரியே எழுந்து கூவும். "ஓடுறாரு, சரி. பந்து இல்லாத பக்கமால்ல ஓடுறாரு?" என்று கேட்டு அவருக்கு மஞ்சளை ஒட்டினாள். போன வருஷம் தலைவரின் அண்ணன் மகனுக்கே சிவப்பு விழுந்தது. நல்ல பையன்தான். எதிரே பந்து வந்தால் பெரியவர்களைக் கண்ட மாதிரி ஒதுங்கி வழிவிடுவான், அதுதான் குறை. "சொந்தமெல்லாம் வீட்டுக்குள்ள சார், மைதானத்துல கிடையாது" என்று தலைவரின் முகத்துக்கு நேரே சொன்னாள். மனிதருக்கு முகம் கறுத்துப் போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து அவரே அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் வினை அவள் வீட்டு மாடியிலிருந்தே இறங்கி வந்தது.

கிளப்பின் ரிசர்வ் கோல்கீப்பர் அவளுடைய அக்கா புருஷன். அக்கா குடும்பம் மாடியில், இவள் கீழே. அத்தான் வாய் ஓயாத ஆள். சாப்பிடும்போது பேசுவார், பல் தேய்க்கும்போதும் பேசுவார். ஆனால் மைதானத்தில் மட்டும் அவருக்கு வேலை கிடையாது. முதல் கோல்கீப்பருக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை. அத்தான் சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வருவார். பயிற்சியிலாவது தேறுவாரா என்றால், அங்கே யார் அடித்தாலும் உள்ளே. பையன்கள் அவருக்குக் 'கதவு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எப்போதும் திறந்தே இருக்கிற கதவாம்.

ஆட்டத்தில் இறங்காத ஆளை எதை வைத்து நிறுப்பது? பயிற்சியை வைத்துத்தான். தராசு அப்படித்தான் செய்தாள். அவர் வாங்கிய கோல்களைக் கூட்டினாள், கொடுக்கும் சம்பளத்தைப் பக்கத்தில் வைத்தாள். கை ஒரு நொடி தயங்கியது, இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு சிவப்பை எடுத்து 'டக்'கென்று ஒட்டிவிட்டாள். கிளப்பே அசந்துபோயிற்று. "சொந்த அக்கா புருஷனுக்கே! தராசுன்னா தராசுதான்யா!" என்று கோச் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாவ வைத்தாள் அக்கா. துணிக்கூடையை இடுப்பில் வைத்தபடியே படியிறங்கி வந்தாள்.

"ஏன்டி, என் வீட்டுல உலை வைக்கக்கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டியா?"

"அக்கா, நான் என்ன பண்றது? கணக்கு அப்படி சொல்லுது."

"கணக்கு சொல்லுதாம் கணக்கு! அதுக்கு வாய் இருக்கா? நீதானே சொல்றே? சின்ன வயசுல உன்னைத் தூக்கிச் சுமந்த இடுப்புடி இது. அந்த மனுஷனுக்கு இந்த வேலையை விட்டா வேற என்ன தெரியும்? இந்த வயசுல எந்த கிளப் சேத்துக்கும்? குழந்தைங்க பள்ளிக்கூடத்தை விட்டு, வீட்டை விட்டு, நாங்க எங்க போய் நிக்கறது?"

"அவர் பந்தைப் பிடிச்சிருந்தா நான் ஏன்..."

"நீ அவரை ஒழுங்கா பாத்தியா? உக்காந்து, கண்ணால பாத்தியா? இல்ல, கோலை மட்டும் எண்ணினியா?"

துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அக்கா மேலே போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. மாடியில் பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

தராசுக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால், அவள் எண்ணத்தான் செய்திருந்தாள். சரி, பார்த்துவிட்டே சொல்வோம், அக்காவின் வாயை அடைப்போம் என்று மறுநாள் காலையிலேயே அறையில் போய் உட்கார்ந்தாள். சிவப்பை உறுதிப்படுத்துவதுதான் எண்ணம்.

ஒரு வாரத்துப் பயிற்சியை ஓடவிட்டாள். அத்தான் இடது முட்டியைச் சீக்கிரமே மடக்கிக் கீழே போகிறார். பந்து அவருடைய தோளுக்கு மேலே போகிறது. திரும்பவும் அதே முட்டி, அதே கோல். "எத்தனை தடவை வாங்கினாலும் புத்தி வராதா அத்தான்?" என்று திரையைத் திட்டினாள். அடுத்த வாரத்தைப் போட்டாள். முட்டியைக் காணோம். இப்போது மனிதர் தேவையில்லாமல் வெளியே ஓடி வந்து, வலப்பக்கத்தைக் காலியாக விடுகிறார். அதற்கடுத்த வாரம் ஓடுவதுமில்லை. இரும்புக் கம்பி மாதிரி ஒரே இடத்தில் நின்று, தரையோடு வரும் பந்தைக் கோட்டைவிடுகிறார்.

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்கு எங்கேயோ இடித்தது. மோசமான கோல்கீப்பருக்கு ஓர் ஓட்டைதான் இருக்கும். அதை அவர் கட்டிக்கொண்டு அழுவார், கடைசிவரை மாற்ற மாட்டார். வாரத்துக்கு ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு, பழைய ஓட்டையைத் தானே அடைத்தும் விடுகிற கோல்கீப்பரை அவள் பார்த்ததே இல்லை.

சந்தேகத்தோடு பக்கத்துத் திரையில், முட்டி மடக்கின அந்த முதல் வாரக் கடைசியில் நடந்த ஆட்டத்தைப் போட்டாள். எதிரணியின் கோலில் நெட்டையன் என்று பெயரெடுத்த கோல்கீப்பர். பந்து வந்தது. நெட்டையன் இடது முட்டியைச் சீக்கிரமே மடக்கினான். இவர்கள் பையன் யோசிக்கவேயில்லை, தோளுக்கு மேலே தூக்கி அடித்தான். கோல்! மறு திரையில் அத்தானின் முட்டி, இந்தத் திரையில் நெட்டையனின் முட்டி. இரண்டும் ஒன்றாக இறங்கின. நெட்டையனுக்கு மட்டையால் கோல்கம்பத்தைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டு. அத்தானும் அந்த வாரம் முழுக்கத் தட்டியிருந்தார்!

"அடப்பாவி அத்தான்!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

மற்ற வாரங்களையும் போட்டுப் பார்த்தாள். எந்த அணியோடு ஆட்டமோ, அந்த அணியின் கோல்கீப்பராகவே மாறியிருந்தார் மனிதர். நடை, நிற்பது, பயப்படுவது, ஏமாறுவது எல்லாம் அச்சு அசல். பையன்களின் கைக்கு வாரம் முழுக்கப் பழகிய வழி ஆட்டத்தன்று தானாக வந்தது. அவர் பயிற்சியில் வாங்கிய கோல் ஒன்றுகூட அவருடையதில்லை. எல்லாம் அடுத்த கிளப்காரன் வாங்க வேண்டிய கோல், இவர் முன்கூட்டியே வாங்கி வைத்தது. அதையெல்லாம் அவள் அவர் தலையிலேயே கட்டியிருக்கிறாள்! வெட்கத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

உடுப்பு உலர்த்தும் அறைக்கு ஓடினாள். அத்தான் கால் கவசத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தனியாக இருந்தும் பேசிக்கொண்டிருந்தார்.

"அத்தான், நெட்டையன் முட்டி மடக்குறது ஏன்?"

பிரஷ் கையிலிருந்து நழுவியது. "யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதான். அந்த வாரம் பூரா சொல்லியிருக்கீங்க."

அவர் எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினார். சாத்தின கையோடு முகம் முழுக்கச் சிரிப்பு. "இன்னொரு கிளப் கீப்பர், அந்த வழுக்கையனைப் பண்ணினேனே, பாத்தியா? மூச்சு விடுறதுகூட அவனை மாதிரியே. எப்படி இருந்துது?"

"உங்க வேலையே போகப்போகுது, நீங்க மார்க் கேக்கறீங்களா?"

"இத்தனை வருஷத்துல பாத்த முதல் ஆளு நீதானே? கேக்கக் கூடாதா?"

"கோச்சுக்குத் தெரியாதா?"

"போன வருஷ கோச் இப்ப எங்க இருக்காரு?"

அந்த கோச் இப்போது நெட்டையனின் கிளப்பில் இருந்தார்.

"பையன்களுக்காவது சொல்லலாமே?"

"இன்னிக்கு நம்ம பையன், அடுத்த வருஷம் அவங்க பையன். அதோட, சொன்னா யோசிப்பானுங்க. யோசிச்சு அடிச்சா பந்து கேலரிக்குத்தான் போகும்."

"தலைவர்?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். தலைவரிடம் மதியம் ஒன்று சொன்னால் சாயங்காலம் வானொலியில் கேட்கலாம்.

"அக்காகிட்டகூடவா சொல்லலை?"

"உங்க அக்காவா? என்னை எவனாவது கதவுன்னு கூப்பிட்டா அவன் சட்டையைப் பிடிப்பா. பிடிச்சுட்டு, கோபத்துல எல்லாத்தையும் சொல்லிடுவா." அவர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். "வெளிய தெரிஞ்சா அவனவன் திருத்திக்குவான். அப்புறம் நான் நெஜமாவே தண்டம். நீ ஒட்டின சிவப்புதான் சரி."

"அப்ப நாளைக்கு மீட்டிங்ல நான் என்னன்னு சொல்றது?"

"ஒட்டின கைக்குத்தான் எடுக்கவும் தெரியணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு வலித்தது.

மறுநாள் மீட்டிங்கில் தலைவர் இருந்தார், கோச் இருந்தார், கூடவே ஆட்டக்காரர்களுக்குக் கிளப் பிடித்துக் கொடுக்கிற ஓர் ஏஜென்ட்டும் இருந்தார். இந்த ஏஜென்ட் எப்போதும் சிரித்த முகம். லீக்கில் இருக்கிற கோல்கீப்பர்களில் பாதிப்பேர் அவர் பைக்குள்தான். நெட்டையனும் அவர் ஆள், வழுக்கையனும் அவர் ஆள். கதவு போகிற இடத்தில் தன்னுடைய புதுப் பையன் ஒருவனை நுழைத்துவிடலாம் என்றுதான் வந்திருந்தார்.

"ரிசர்வ் கீப்பர் சிவப்பு, யாருக்கும் மறுப்பில்லை. அடுத்தது..." என்றார் தலைவர்.

"சார், அதை மாத்தணும்" என்றாள் தராசு. "அவருக்கு இன்னும் ஒரு வருஷம் குடுக்கணும்."

கோச் நிமிர்ந்தார். "என்னம்மா இது? நீங்க குடுத்த கணக்குதானே? அதுல தப்பா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கோச்சே, "தப்புன்னா சொல்லுங்க, வீடியோவைப் போட்டு எல்லாரும் சேர்ந்தே பாத்துடலாம்" என்று ரிமோட்டை எடுத்தார். ஏஜென்ட் ஆசையாக நாற்காலியைத் திரைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். தன் ஆட்களை அத்தானின் உடம்பில் அடையாளம் கண்டுபிடிக்க அந்த மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணை மூடித் திறப்பதற்குள் தெரிந்துவிடும்.

அனுபவசாலி என்று சொல்லலாமா? பையன்களுக்கு உற்சாகம் கொடுக்கிறார் என்று? இந்த மாதிரிச் சப்பைக்கட்டுகளை எத்தனை பேர் வாயிலிருந்து அவளே பிடுங்கி எறிந்திருக்கிறாள்! எந்தக் காரணம் சொன்னாலும் வீடியோவைப் போடுவார்கள். யாருமே சரிபார்க்க நினைக்காத காரணம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் அத்தான் பிழைப்பார். அவள் பெயர் போகும். இத்தனை வருஷம் கட்டிக் காத்த ஒரே சொத்து அது.

"கணக்கு சரிதான் சார்" என்றாள். "வீடியோவெல்லாம் வேண்டாம்."

"பின்னே எதுக்கு மாத்தணும்?"

"அவர் எங்க அக்கா வீட்டுக்காரர்."

கோச் ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். தலைவர்தான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப என் அண்ணன் மகன் யாரும்மா, வழிப்போக்கனா? சொந்தமெல்லாம் வீட்டுக்குள்ளன்னு எனக்குப் பாடம் எடுத்தியே?"

"எடுத்தேன் சார். இருந்தாலும் கேக்கறேன்."

"எல்லாரும் மனுஷங்கதானே சார்" என்று ஏஜென்ட் பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்கவே முடியவில்லை.

தலைவருக்கோ பரம திருப்தி. ஒரு வருஷமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள்ளை அவளே பிடுங்கிக் கொடுத்துவிட்டாளே! "சரி, போனாப் போகுது, ஒரு வருஷம். உன் முகத்துக்காக" என்று கையெழுத்தைப் போட்டார். "ஆனா இனிமே இங்க யாரும் தராசு கிராசுன்னு பேசிக்கிட்டுத் திரியக்கூடாது."

அவள் கேலரிக்கு அடியில் தன் அறைக்குப் போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். செய்தது சரி என்று தெரியும். தெரிந்தால் மட்டும் அழுகை வராமல் இருக்குமா?

அதோடு தராசு போய் 'மச்சினி' வந்தது. அவளைக் கண்டால் கேப்டனே, "மச்சினி, எனக்கு ஒரு தம்பி இருக்கான், நல்லா பெஞ்சுல உக்காருவான்" என்றார். ஓர் ஆட்டக்காரனுக்குப் பச்சை ஒட்டினால், "அவன் உனக்கு என்ன முறை?" என்று தலைவர் கேட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது மாடியில் நடந்ததுதான்.

அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள், அழுதாள், கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதுவரை சரி. ஆனால் அன்றிலிருந்து புருஷனோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். பாவம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க, அப்பாவுக்கு மனசு சரியில்லை" என்று குழந்தைகளை அடக்கினாள். தங்கை போட்ட பிச்சையில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்று அவளே நம்பிவிட்டாள். வாய் ஓயாத அத்தான் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

புது சீசனில் நெட்டையனின் கிளப்போடு ஆட்டம் வந்தது. அக்காவும் தங்கையும் கேலரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கீழே பெஞ்சில் அத்தான்.

"எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்காரு பாரு" என்று அக்கா பெருமூச்சு விட்டாள். குரலைத் தாழ்த்தினாள். "உண்மையைச் சொல்லுடி, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அவர் அவ்வளவு மோசமா?"

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அத்தான் சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பக்கத்திலேயே தெரிந்தது. ஊருக்கு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், இவளும் அவரை அப்படி நினைத்துக்கொண்டு குடும்பம் நடத்த வேண்டுமா? அக்காவின் தாடையைப் பிடித்துப் பெஞ்சுப் பக்கம் திருப்பினாள்.

"பந்தைப் பாக்காதே. எனக்காக, கொஞ்ச நேரம் அவரை மட்டும் பாரு. அப்புறம் அந்தப் பக்கத்து கோல்ல இருக்கிற நெட்டையனைப் பாரு."

"என்னடி இது விளையாட்டு?"

"பாருக்கா."

அக்கா பார்த்தாள். எதிர் கோலில் நெட்டையன் கழுத்தை ஒரு வெட்டு வெட்டிச் சரிசெய்தான். பெஞ்சில் அத்தானின் கழுத்தும் அதே மாதிரி வெட்டியது. நெட்டையன் எடையை வலது காலுக்கு மாற்றினான். அத்தானின் இடுப்பு நகர்ந்தது. பந்து வட்டத்துக்குள் வருவதற்கு முன்னாலேயே பெஞ்சில் ஓர் இடது முட்டி மடங்கியது. அந்தப் பக்கத்தில் நெட்டையனின் முட்டி மடங்கியது. இவர்கள் பையன் தோளுக்கு மேலே தூக்கி அடித்தான். கேலரி எகிறிக் குதித்தது.

அக்கா குதிக்கவில்லை. அந்த மனிதரோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள். அவருடைய கழுத்து அப்படி வெட்டாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? "அப்ப பயிற்சியில..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா."

"எல்லாமே..."

"எல்லாமே. வெளிய தெரிஞ்சா முடிஞ்சுது."

"அப்ப நீ அந்த மீட்டிங்ல..." அக்காவுக்குக் குரல் உடைந்தது. "உன் பேரைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டு வந்தியாடி?"

"மெதுவாக்கா" என்றாள் தங்கை.

முன்வரிசையில் இருந்த ஒரு ஆள் இவர்கள் பக்கம் திரும்பி, கையைத் தட்டிக்கொண்டே சிரித்தான். "என்னம்மா, பையனுங்க கோல் போடறாங்க, உங்க வீட்டுக் கதவு சம்பளம் வாங்குதா? மச்சினி தயவுல வண்டி ஓடுதுபோல?"

தங்கை பயந்துபோய் அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. ஆளின் சட்டைக் காலர் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அக்கா மூச்சை இழுத்தாள். பிறகு தங்கையின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாய்யா" என்றாள் உரக்க, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி. "அந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது. என் தங்கச்சி தயவுலதான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது. இப்ப முன்னால திரும்பி ஆட்டத்தைப் பாரு."